அந்தச் சட்டியை எடுத்தது யார்?

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நாடு சுற்றிப் பார்க்கப் பயணச் சலுகை உண்டு. சக ஊழியர்கள் சிம்லா, காசி என்று கிளம்பினார்கள். நான் அம்மாவைக் கேட்டேன். "கடலுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு பாக்கணும்டா" என்றார். படவேட்டில் பிறந்து, படவேட்டிலேயே வாக்கப்பட்டு, கமண்டல நதியில் தண்ணீர் வரும் நாலு நாளைத் தவிர பெரிய தண்ணீர் பார்க்காதவர். அவரையும் மனைவியையும் ஏழு வயசு மகளையும் அழைத்துக்கொண்டு அந்தமான் போனேன்.

அங்கே போகிற எல்லோரும் போகிற இடத்துக்கு நாங்களும் போனோம். செல்லுலார் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. கைதிகளை வைத்தே கைதிகளுக்குக் கட்டிய கூண்டு. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஏறத்தாழ 700 அறைகள். ஓர் அறைக்காரன் இன்னோர் அறைக்காரன் முகத்தைப் பார்க்க முடியாதபடி, ஒரு கட்டடத்தின் வாசல் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும். இப்போது ஏழில் மூன்றுதான் நிற்கின்றன. மற்றவை இருந்த இடத்தில் ஆஸ்பத்திரி. 1979 பிப்ரவரி 11-ல் இதை தேசிய நினைவிடம் ஆக்கினார்கள்.

சாவர்க்கர் அடைபட்ட அறைக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்களும் உண்டு. நாங்கள் கீழ்த்தளத்திலேயே ஆள் இல்லாத ஓர் அறைக்குள் நுழைந்தோம். பதிமூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். ஆளுயரத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத்துளை. மகள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். அம்மா நாலு மூலையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டேய், இதுல கக்கூஸ் எங்க?"

"இல்லம்மா. ராத்திரிக்கு ஒரு மண்சட்டி குடுத்துடுவாங்களாம்."

"காலீல அத்த யாரு எடுத்தது?"

வழிகாட்டியிடம் போய் என் அரைகுறை இந்தியில் கேட்டேன். நல்ல மனுஷன். செக்கு பற்றிக் கேட்டிருந்தால் அரைமணி நேரம் சொல்லியிருப்பார். ஒரு நாளைக்கு ஒரு கைதி 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும், குறைந்தால் அடி என்பதைச் சற்று முன்புதான் உருக்கமாகச் சொல்லியிருந்தார். இந்தக் கேள்விக்குச் சிரித்தார். "யாராவது ஜமேதார் இருந்திருப்பான்" என்றார். வட இந்தியாவில் ஜமேதார் என்றால் தோட்டிக்கும் பெயர். சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தை அழைத்துக்கொண்டு தூக்குமேடைப் பக்கம் போய்விட்டார்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஒரு நகரசபையில் எடுப்புக் கக்கூஸ் வாரியவர். விடியுமுன் பின்பக்கச் சந்தில் நுழைந்து, சாம்பலைத் தூவி, தகரத்தால் வாரி, கூடையில் போட்டுத் தலையில் சுமந்தவர். மழைநாளில் கூடை ஒழுகும். அவருடைய தங்கைக்கு அந்த அறையில் முதலில் கண்ணில் பட்டது அந்த மூலைதான். நான் பட்டதாரி, கவிதை எழுதுகிறவன், எனக்குப் படவில்லை. அதனால்தான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

தோழர்களே, அந்தச் சிறை எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்தே நமக்குச் சொல்லப்படாதது தொடங்குகிறது. தேசபக்தர்களை அடைக்கத்தான் கட்டினார்கள் என்று நம் பாடப்புத்தகம் மனசில் பதித்திருக்கிறது. 1857 கலகத்துக்குப் பிறகு, 1858-லேயே அந்தமான் கைதிக் குடியேற்றம் ஆகிவிட்டது. 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு வெள்ளை அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே தண்டனை போதுமான அளவு கடுமையாக இல்லை, புதிதாக வருகிற ஒவ்வொரு கைதியையும் முதலில் தனிக்கொட்டடியில் போட்டு ஒடுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்காக எழுந்ததுதான் இந்தக் கட்டடம். அலிப்பூர் வழக்கின் வங்காளத்துப் புரட்சியாளர்கள் வந்து சேர்ந்தது 1909-ல். அதற்கு முன்னும் பின்னும் அந்த அறைகளில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கைதிகள். கூலிகள், குடியானவர்கள், திருடியவர்கள், கொலை செய்தவர்கள், செய்யாமல் மாட்டிக்கொண்டவர்கள். சலவைக்கல்லில் அரசியல் கைதிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய தியாகம் பொய்யல்ல. 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா என்று மூன்று பேர் செத்தார்கள். அந்தப் பெயர்களுக்கு முன் நானும் நின்று தலை குனிந்தேன். ஆனால் பெயரில்லாத பல்லாயிரம் பேர் எங்கே?

அடுத்து, 'காலாபாணி' என்கிற சொல். கறுப்புத் தண்ணீர். கடல் தாண்டினால் சாதி போய்விடும், ஊரில் திரும்பச் சேர்க்கமாட்டார்கள் என்பது சாதி இந்துவின் பயம். அந்தப் பயத்தை வெள்ளைக்காரன் நன்றாகப் புரிந்துகொண்டான். சாவை விடப் பெரிய தண்டனை இவனுக்கு இதுதான் என்று கணக்குப் போட்டான். யாருக்கு? சாதி போனால் நஷ்டப்படுகிறவனுக்கு. அதே காலத்தில் நம்ம ஆட்கள் இலங்கைக்கும் மொரீஷியசுக்கும் மலாயாவுக்கும் பிஜிக்கும் கப்பல் கப்பலாக அதே கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பண்ணையில் சாகிறதுக்குத் தோட்டத்தில் சாகலாம் என்று போனார்கள். அவர்கள் விட்டுப்போக விரும்பிய சரக்கே சாதிதான். ஒரு நாட்டின் மிகக் கொடிய தண்டனை எது என்பதைக்கூட மேல்சாதியின் அச்சத்தை வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள்.

அந்தச் சிறையில் பஞ்சாபைச் சேர்ந்த ராம் ரக்கா என்ற புரட்சிக்காரரின் பூணூலைக் கழற்றினார்கள். அவர் உண்ண மறுத்து உயிரை விட்டார். ஒரு கைதியின் உடம்பில் இருப்பதைப் பறிக்கச் சிறைக்கு உரிமை இல்லை. அவர் எதிர்த்தது நியாயம், அதை நாம் மறுக்கவில்லை. நூலுக்காக ஒருவர் செத்தார் என்பது நினைவுக் குறிப்புகளில் ஏறியிருக்கிறது. சட்டியைச் சுமந்தவனுக்காக ஒருவர் ஒருவேளைச் சோற்றை மறுத்ததாக எங்கும் நான் படித்ததில்லை.

'யாராவது ஜமேதார் இருந்திருப்பான்' என்று வழிகாட்டி சொன்னது வெறும் யூகமல்ல. இந்த நாட்டுச் சிறை விதிகளில் அது எழுத்தில் இருந்தது. அது எழுத்தில் ஏறிய கதை முக்கியமானது.

1855-ல் பீகாரில் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளின் பித்தளைச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு மண்சட்டி கொடுத்தார்கள். பித்தளையை ஆயுதமாக்கிவிடுவார்கள் என்று பயம். பித்தளையைத் தேய்த்துக் கழுவினால் சுத்தம், மண்சட்டி தீட்டானால் தீட்டுதான் என்பது சாத்திரம். கைதிகள் கொதித்தார்கள், முசாபர்பூரில் ஊரே திரண்டது. உத்தரவு வாபஸ் ஆனது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே சமையல் என்று கொண்டுவந்தபோதும் இதே மாதிரிச் சண்டைதான். வெள்ளைக்காரன் பாடம் கற்றுக்கொண்டான். சிறையில் அடிக்கலாம், பட்டினி போடலாம், தூக்கில் போடலாம், சாதியை மட்டும் தொடக்கூடாது. 1894-ல் சிறைச் சட்டம் வந்தது. மாகாணங்கள் எழுதிய கையேடுகளில் சமையலுக்கு உயர்ந்த சாதிக்காரன், மலம் அள்ளுவதற்கு அந்தச் சாதிக்காரன் என்று பிரித்து வைத்தார்கள். குற்றம் எதுவாக இருந்தாலும் சரி. கொலை செய்த பார்ப்பானும் கோழி திருடிய சக்கிலியனும் உள்ளே வந்தால், ஒருத்தன் கையில் கரண்டி, ஒருத்தன் கையில் விளக்குமாறு. செங்கல் வெள்ளைக்காரனுடையது, விதி நம்ம ஊர்க்காரனுடையது. இரண்டு கையும் சேர்ந்து கட்டியதுதான் சிறை.

1947-ல் ஒரு கை போனது. இன்னொரு கை எத்தனை நாள் இருந்தது தெரியுமா? உத்தரப் பிரதேசக் கையேட்டில், இழிவான வேலையை அதைச் செய்து பழகிய சமூகத்தைச் சேர்ந்தவனைத் தவிர மற்றவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று இருந்தது. ராஜஸ்தானில் சமையலுக்குப் பார்ப்பனர் அல்லது உயர்ந்த சாதி இந்து என்று இருந்தது. மேற்கு வங்கத்தில் கூட்டுகிறவனை எந்தெந்தச் சாதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே இருந்தது, சண்டாளன் என்ற பெயர் உட்பட. 17-வது பிரிவில் தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிய குடியரசு, தன் சொந்தச் சிறையின் அலமாரியில் இந்தப் புத்தகங்களை 70 வருஷத்துக்கு மேல் வைத்திருந்தது. 2020-ல் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் இதைத் தோண்டி எழுதினார். அதன் பிறகு ராஜஸ்தான் தன் விதியைத் திருத்தியது. அவரே உச்ச நீதிமன்றம் போனார். 2024 அக்டோபர் 3-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு இந்த விதிகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்தச் சொன்னது.

அதற்கு இருபது நாள் முன்னால், 2024 செப்டம்பர் 13-ல், அடிமைச் சின்னத்தை அழிக்கிறோம் என்று போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றினார்கள். பலகையை மாற்ற ஒரு உத்தரவு போதும், யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. விளக்குமாற்றைக் கைமாற்ற ஒரு பெண் வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது.

இது வடநாட்டுக் கதை என்று தமிழ்நாட்டு முற்போக்காளர்கள் மூச்சு விட வேண்டாம். அதே தீர்ப்பில் பாளையங்கோட்டை இருக்கிறது. தேவருக்கு ஒரு பகுதி, நாடாருக்கு ஒரு பகுதி, பள்ளருக்கு ஒரு பகுதி என்று சாதிவாரியாக அடைத்து வைக்கிறார்கள் என்று ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கலவரத்தைத் தடுக்கத்தான் பிரித்து வைத்திருக்கிறோம் என்றது அரசு. 2014-ல் நீதிமன்றம் அதை ஏற்று மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2024-ல் அதை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பாற்ற வேறு வழி தேடு, சாதிவாரியாகப் பிரிக்காதே என்றது.

இதில் நமக்குள்ளேயே பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் பிள்ளையை எண்ணி, 'தனியாகவே இருக்கட்டும் சார், உசிரோட வரட்டும்' என்று கேட்கிற தாய் நம்ம சேரியிலும் இருக்கிறாள். அந்தப் பயம் நியாயமானது. அவளிடம் போய்த் தீர்ப்பை வாசித்துக் காட்டிவிட்டு வந்துவிட முடியாது. ஆனால் கைதியின் உயிரைக் காப்பது சிறை நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல் ஊரில் இருக்கிற தெருவையே உள்ளேயும் கட்டிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஊர், சேரி என்று பிரித்தவனும் அமைதிக்காகத்தான் பிரித்தேன் என்றுதான் சொன்னான்.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் குற்றமே நிரூபணம் ஆகவில்லை, ஜாமீன் கட்ட ஆளில்லை. தண்டனைக் கைதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியார். 2011 கணக்குப்படி மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. கோயிலில், வங்கியில், நீதிமன்றத்தில் கிடைக்காத பங்கு நமக்குச் சிறையில் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. உள்ளே போன பிறகு என்ன வேலை தருவார்கள் என்பது இத்தனை குடும்பங்களின் பிரச்சினை.

சிறையை அருங்காட்சியகம் ஆக்குவதில் தப்பில்லை. எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் ராபன் தீவுச் சிறை 1997-ல் அருங்காட்சியகம் ஆனது. மண்டேலா தன் 27 வருஷச் சிறைவாழ்வில் 18 வருஷம் கிடந்த இடம். அங்கே அவர் அறையைக் காட்டுகிறார்கள். கூடவே கைதிகளின் உணவுப் பட்டியலையும் காட்டுகிறார்கள். கலப்பினத்தாருக்கும் ஆசியருக்கும் ஓர் அளவு, கறுப்பருக்கு அதைவிடக் குறைந்த அளவு, ரொட்டி கிடையாது. ஒரே வழக்கில் தண்டனை பெற்று ஒன்றாக வந்தவர்களில் இந்தியரான கத்ரடாவுக்கு முழுக்கால்சட்டை, மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை. சுற்றிக்காட்டுகிறவர்கள் பலர் அங்கே கைதியாக இருந்தவர்களே. சிறைக்குள்ளும் நிறம் எப்படி வேலை செய்தது என்பதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். வைத்ததால் மண்டேலாவின் தியாகம் குறைந்துவிட்டதா?

அந்தமானில் செக்கு இருக்கிறது, விலங்கு இருக்கிறது, சாட்டை அடிக்கிற முக்காலி இருக்கிறது. சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சியில் முற்றத்து அரசமரமே கதை சொல்கிறது. 1942-லிருந்து 1945 வரை ஜப்பான்காரன் அதே அறைகளில் தீவு மக்களை அடைத்துச் சித்திரவதை செய்ததும் அந்த மண்ணின் வரலாறுதான். ஆள்கிறவன் மாறினான், அறை மாறவில்லை. அந்த மண்சட்டியையும் விளக்குமாற்றையும், அது யார் கைக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்த நாட்டுச் சிறைக் கையேட்டின் ஒரு பக்கத்தையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் என்ன? 2024 தீர்ப்பின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்தால் என்ன? தேசம் சின்னதாகிவிடுமா?

வெளியே வந்தபோது முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். தமிழ்க்காரி. தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். யாரும் சாதி கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் ரெண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். புறப்படும்போது அம்மா சொன்னார்: "உள்ள அம்மாம் பேரு எழுதி வச்சிக்கிறானுங்க. இந்தப் பொண்ணு பேரு எங்கயும் இல்ல. ஆனா எடம் சுத்தமா கீது."

எங்கள் ஊர் ரேணுகாம்பாள் கோயில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். பரசுராமன் அப்பன் பேச்சைக் கேட்டுத் தாயின் தலையை வெட்டினான், தடுக்க வந்த சேரிப்பெண்ணையும் வெட்டினான். உயிர் கொடுக்கும் வரம் வாங்கி வந்தவன் அவசரத்தில் ஒருத்தி தலையை இன்னொருத்தி உடம்பில் ஒட்டிவிட்டான். படவேட்டுக் கருவறையில் வணங்குவது தலையை. ஆடி வெள்ளிக்கு ஊரே திரளும். சேரிக்காரியின் உடம்பு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. தேசிய நினைவிடங்களும் இப்படித்தான். தலைகளுக்குச் சலவைக்கல் உண்டு. அந்தத் தலைகளைத் தாங்கிய, அவர்களுக்குச் சமைத்த, அவர்கள் சட்டியைச் சுமந்த உடம்புகளுக்கு ஒரு வரி கிடையாது.

கோபப்பட்டு முடிக்க இந்தப் பக்கம் போதும். அதற்காக இதை எழுதவில்லை. நமக்கு வேலை இருக்கிறது.

வேலூர் மத்திய சிறை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. ராஜாஜி 1921 டிசம்பரில் உள்ளே போய் நாட்குறிப்பு எழுதிய சிறை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு மத்திய சிறையோ கிளைச் சிறையோ இருக்கும். மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு தகவல் உரிமை மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் வில்லை போதும். நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒன்று, 2024 அக்டோபர் 3 தீர்ப்புக்குப் பின் பதிவேட்டில் சாதிக் கட்டம் எடுக்கப்பட்டதா? இரண்டு, கழிப்பறை சுத்தம் செய்யும் வேலைக்குக் கைதிகளை எந்த அடிப்படையில் தேர்வு செய்கிறீர்கள்? மூன்று, சமையலுக்கு எந்த அடிப்படையில்? நான்கு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர்களும் சாதிப் பாகுபாடு இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு. எந்தத் தேதியில் வந்தார்கள், என்ன எழுதினார்கள்? வழக்கறிஞர் தோழர்கள் உள்ளே போகும்போது கட்சிக்காரரிடம் வழக்கை மட்டும் பேசாமல், உள்ளே என்ன வேலை வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். போராட்டத்தில் உள்ளே போய் வந்த நம்ம பெரியவர்கள் இருக்கிற ஊரில், யார் சமைத்தார்கள், யார் கூட்டினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆளிருக்காது. என் பெரியம்மாவிடம் நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

மனுவுக்கு வருகிற பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள். இரண்டையும் அச்சிடுவோம்.